மடையும் மடை திறந்தோரும்

விழா மேடையில் ஒருவர் தங்குதடையின்றிப் பேசினால் ‘மடை திறந்த வெள்ளம் போலப் பேசினார்’ என்று நாளேடுகள் எழுதுகின்றன. வெள்ளம் சொல்லப்படுகிறது, மடை சொல்லப்படுகிறது, திறந்தவர் யார் என்பது மட்டும் அத்தொடரில் இல்லை. நம் மாவட்டத்துக் கண்மாய்களின் வரலாறும் ஏறத்தாழ இவ்வாறே எழுதப்பட்டிருக்கிறது. கண்மாய் வெட்டுவித்த தலைவனின் பெயர் கல்லில் உண்டு. நீர் பெற்ற நிலத்திற்கு உரியவரின் பெயர் பட்டாவில் உண்டு. கார்த்திகை மாத இரவில் கழுத்தளவு நீரில் நின்று மடையைத் திறந்து மூடியவரின் பெயர் எதிலும் இல்லை. அவர் பெரும்பாலும் நம் சேரியைச் சேர்ந்தவர். ஆதலின் இம்மலரில் மடையைப் பற்றியும் அதனைக் காத்தவரைப் பற்றியும் ஒருங்கே எழுதுவது பொருத்தமாகும் என்று கருதினோம்.

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில நாள்களில் கொட்டித் தீர்ந்துவிடும். வைப்பாறு, அருச்சுனா நதி, கௌசிகா நதி, குண்டாறு ஆகிய நம் ஆறுகள் ஆண்டில் பல மாதங்கள் மணலாகவே கிடப்பவை. சில நாள் வெள்ளத்தைத் தேக்கி வைத்துப் பல மாதம் பயிர் செய்ய வேண்டிய நாடு இது. அதற்காக நம் முன்னோர் கண்டதே கண்மாய். கண்மாய்க்கு மூன்று வாய்கள் உண்டு. நீர் உள்ளே வருவது வரத்துக்கால் வழியே. மிகுந்த நீர் வெளியேறுவது கலுங்கு வழியே. பயிருக்கு வேண்டிய நீர் போவது மடை வழியே. முன்னிரண்டும் தாமாக இயங்குவன. வெள்ளம் வந்தால் வரத்துக்கால் கொண்டுவரும், கண்மாய் நிறைந்தால் கலுங்கு தானே வழியும். மடை மட்டும் தானாக எதுவும் செய்யாது. எப்போது, எவ்வளவு, எவ்வளவு நேரம் என்பதை ஒரு மனிதர் முடிவு செய்து தம் கையால் செய்தாக வேண்டும்.

சாத்தூர் வட்டத்து எருக்கங்குடியில் உள்ள கல்வெட்டு ஒன்று 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பாண்டியன் சீமாற சீவல்லபன் காலத்தில் வாழ்ந்த இருப்பைக்குடி கிழவன் எட்டி சாத்தன் என்னும் தலைவன் இப்பகுதியில் குளங்கள் அமைத்ததை அது போற்றிக் கூறுகிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக இக்கரிசல் மண்ணில் நீரைத் தேக்கும் வேலை நடந்து வந்திருக்கிறது என்பதற்கு அக்கல்லே சான்று. எட்டி சாத்தன் செய்தது நற்செயலே. அதனை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் குளம் ஒருமுறை வெட்டப்படுவது. மடையோ ஒவ்வோர் ஆண்டும், ஒவ்வொரு நாளும் திறந்து மூடப்படுவது.

குமிழி மடை

பழைய மடையின் அமைப்பை இன்றைய மாணவர் பலர் கண்டதில்லை. கோடையில் நீர் வற்றியபின் கண்மாயின் உள்வாயில் நடந்து சென்றால், கரையடியிலிருந்து சற்றுத் தள்ளி இரண்டு கல்தூண்கள் இணையாக நிற்பதைச் சில ஊர்களில் இன்றும் காணலாம். ஆடு மேய்ப்போர் அவற்றின் நிழலில் அமர்ந்திருப்பர். தூண்களைக் குறுக்குக் கற்கள் இணைக்கின்றன. அக்குறுக்குக் கற்களின் நடுவே துளைகள் உண்டு. அத்துளைகளின் வழியே நீண்ட கம்பு ஒன்று நேராகக் கீழிறங்கும். அடியில் கல்லால் ஆன ஒரு தொட்டி. அதன்மேல் மூடியாக ஒரு பலகைக்கல். அக்கல்லில் ஒரு வட்டத் துளை. கம்பின் கீழ்நுனியில் உள்ள அடைப்புக்கட்டை அத்துளையில் பொருந்தி அமரும். தொட்டியிலிருந்து கரையின் அடியே சுருங்கை ஒன்று சென்று மறுபுறத்து வாய்க்காலில் திறக்கும். கம்பை உயர்த்தினால் நீர் சுழன்று துளைக்குள் இறங்கும். அவ்வாறு இறங்குகையில் மேலே குமிழிகள் எழுவதால் இதற்குக் குமிழி என்னும் பெயர் வந்தது என்பர். மேல்துளையில் தெளிந்த நீரும், அடித்துளையில் வண்டலோடு கலந்த நீரும் போகுமாறு நீரோடி, சேறோடி என இருவகைத் துளைகள் அமைத்த மடைகளும் உண்டு. வண்டல் வயலுக்குப் போனால் உரம். கண்மாயிலேயே தங்கினால் மேடு.

கரையிலேயே ஒரு ஓட்டை வைத்துக் கதவு போட்டால் போதாதா, கண்மாய்க்குள் சென்று ஏன் தூண் நட வேண்டும் என்று நாம் கேட்கலாம். கரை மண்ணால் ஆனது. உயரத்திலிருந்து அழுந்திப் பாயும் நீர் மண்ணைத் தொட்டால் அறுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே நீரின் வேகத்தை முதலில் கல்தொட்டிக்குள் விழச் செய்து அடக்கிவிட்டு, அடங்கிய நீரைக் கரைக்கு அடியே அனுப்பினர். இலங்கையின் பெருங்குளங்களிலும் இதே கருத்தில் எழுந்த ‘பிசோகொட்டுவ’ என்னும் அடைப்புத் தொட்டி உண்டு. அங்கே நீர்ப்பாசனப் பொறியாளராகப் பணிபுரிந்த என்றி பார்க்கர் என்னும் ஆங்கிலேயர், 1909ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் இவ்வமைப்பைக் கண்டு வியந்து எழுதியுள்ளார்.

வியப்பு இருக்கட்டும். அந்தக் கட்டையை மேலே தூக்குவது எவ்வளவு வேலை என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். துளையின் விட்டம் ஒரு சாண், அதாவது ஏறத்தாழ 22 சென்டிமீட்டர் என்று கொள்வோம். துளைக்கு மேல் 2 மீட்டர் நீர் நிற்கிறது. அக்கட்டையின்மேல் நிற்கும் நீரின் எடை மட்டும் ஏறத்தாழ 76 கிலோகிராம். ஒரு மூட்டை நெல்லை, வழுக்கும் கல்லின்மீது நின்றுகொண்டு, நேர்மேலாக இழுப்பதற்கு ஒப்பானது இது. கண்மாய் வற்றி அரை மீட்டர் நீரே நிற்கும்போது அதே கட்டைமேல் 19 கிலோகிராமே அழுத்தும். ஆகவே கண்மாய் நிறைந்திருக்கும் நாளில்தான் மடை திறப்பது மிகக் கடினம். கரை உடையும் அச்சம் மிகுந்திருப்பதும் அந்நாளில்தான். கலுங்கு முழுதும் வழிந்தும் வெள்ளம் அடங்காமல் நீர் கரையின் தலையைத் தொடுமானால், எல்லா மடைகளையும் திறந்துவிட வேண்டும். கம்பு முறிந்திருந்தாலோ, சருகும் வேரும் அடைத்திருந்தாலோ மூழ்கித்தான் நீக்க வேண்டும். திறந்த மறுநொடி நீர் உள்ளிழுக்கும். அவ்விழுப்பில் அகப்படாமல் விலகி மேலே வருவதற்கு மூச்சும் துணிவும் மட்டும் போதாது. கட்டையை எந்தப் பக்கம் நின்று தூக்குவது என்னும் அறிவும் வேண்டும்.

அறிவிலியைக் குறிக்கும் ‘மடையன்’ என்னும் வசைச்சொல் இம்மடை திறப்போரின் பெயரிலிருந்தே வந்தது என்று இக்காலத்தில் பலர் கூறுகின்றனர். நம் மேடைகளிலும் இக்கருத்து அடிக்கடி ஒலிக்கிறது. மடம், மடமை என்னும் சொற்கள் அறியாமை என்ற பொருளில் தமிழில் பழங்காலந்தொட்டே வழங்குவன. வசைச்சொல் அவ்வழியில் பிறந்தது என்று கொள்வதே சொல்லாராய்ச்சிக்குப் பொருந்தும். மடைப்பள்ளியில் சமைப்பவருக்கும் மடையர் என்னும் பெயர் இருந்தது. வேறு வேறு வேரில் பிறந்த சொற்கள் ஓருருவாக நிற்கின்றன. நம்மவர் பெருமைக்கு இச்சொற்கதை தேவையில்லை என்பது நம் கருத்து. அவர்கள் செய்த வேலையே போதிய சான்றாக இருக்கிறது.

நீரின் கணக்கு

மடை திறப்பதில் உடல்வலிமை பாதி, கணக்கு பாதி. இக்கணக்கை ஐரோப்பாவில் முதலில் எழுத்தில் வடித்தவர் இத்தாலிய அறிஞர் தொரிசெல்லி. 1644ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், துளை வழியே வெளிப்படும் நீரின் வேகம், துளைக்கு மேல் நிற்கும் நீரின் உயரத்தைப் பொறுத்தது என்றும், உயரம் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்கே ஆகும் என்றும் அவர் காட்டினார். இரண்டு மீட்டர் நீர் நின்றால் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 6.3 மீட்டர், அரை மீட்டர் நீர் நின்றால் 3.1 மீட்டர். இத்துடன் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். திறப்பின் விளிம்பைக் கடக்கும் நீர் உடனே நேராக ஓடுவதில்லை, ஒடுங்கிக் குறுகுகிறது. ஆகவே பலகைக்கு அடியே நாம் விட்ட இடைவெளி முழுவதும் நீர் நிறைந்து போவதாக எண்ணலாகாது. அதில் ஐந்தில் மூன்று பங்கு என்று கொள்வது நடைமுறை.

இதனை வயலுக்குக் கொண்டுவருவோம். 60 சென்டிமீட்டர் அகலமுள்ள மடையில் பலகை 10 சென்டிமீட்டர் உயர்த்தப்பட்டிருக்கிறது. கண்மாயில் மடைக்கு மேல் இரண்டு மீட்டர் நீர் நிற்கும்போது நொடிக்கு ஏறத்தாழ 225 லிட்டர் நீர் வெளிவரும். வாய்க்காலில் ஊறிப்போவதை விட்டுவிட்டால், ஓர் ஏக்கர் வயலில் 5 சென்டிமீட்டர் நீர் நிறுத்த 15 நிமிடம் போதும். தை மாதக் கடைசியில் நீர் அரை மீட்டராகக் குறைந்தபின் அதே திறப்பில் நொடிக்கு 113 லிட்டரே வரும். அதே ஏக்கருக்கு 30 நிமிடம் வேண்டும்.

சண்டை தொடங்கும் இடம் இதுவே. பல ஊர்களில் நீர், முறைவைத்து நேரக் கணக்கில் பகிரப்பட்டது. ‘உனக்கும் ஒரு நாழிகை, எனக்கும் ஒரு நாழிகை’ என்பது நேர்மையாகத் தோன்றும். ஆனால் நிறைகண்மாயில் பெற்ற நாழிகையும் குறைகண்மாயில் பெற்ற நாழிகையும் ஒன்றல்ல. கண்மாய் இறங்க இறங்கப் பலகையைக் கூடுதலாகத் தூக்கினால்தான், அல்லது நேரத்தைக் கூட்டினால்தான், கடைசி வயலுக்கும் அதே அளவு நீர் சேரும். எவ்வளவு கூட்டுவது என்பதைத் தொரிசெல்லியைப் படியாத ஒருவர், மடைத்தூணில் எத்தனை விரற்கடை ஈரம் தெரிகிறது என்பதைப் பார்த்தே முடிவு செய்தார்.

மற்றொரு நுட்பமும் உண்டு. மடைக்கு வெளியே வாய்க்கால் வறண்டிருந்தால் நீர் முழுவேகத்தில் பாயும். வாய்க்காலும் நிறைந்து, நீர்மட்டம் மடைத்திறப்புக்கு மேல் ஏறிவிட்டால், கண்மாயின் ஆழம் முழுவதும் கணக்கில் வராது. உள்மட்டத்திற்கும் வெளிமட்டத்திற்கும் உள்ள வேறுபாடு மட்டுமே நீரைத் தள்ளும். ஆகவே கீழே வாய்க்காலில் புல்லும் மண்ணும் அடைத்திருந்தால், மேலே பலகையை எவ்வளவு தூக்கினாலும் பயனில்லை. மடைக்காரர் மடையில் நிற்பதைவிட வாய்க்காலில் மண்வெட்டியோடு நடப்பது அதிகம், காரணம் இதுவே. பலகைக்கு அடியே சீறிவரும் நீர், சிறிது தொலைவு மெல்லியதாக ஓடிப் பின் திடீரென்று உயர்ந்து நுரைத்துத் தணிவதையும் காணலாம். அங்கே நீர் தன் வேகத்தை இழக்கிறது; இழக்கும்போது வாய்க்காலின் தரையைக் குடைகிறது. மடைவாயில் கல் பாவியிருப்பது அழகுக்கு அன்று. பலகையை ஒரேயடியாகத் தூக்காமல் சிறுகச் சிறுகத் தூக்குவதும் இக்குடைவுக்கு அஞ்சியே ஆகும்.

நிலமற்றவரின் நடுநிலை

இவ்வேலையைச் செய்தவருக்கு ஊர்தோறும் பெயர் வேறு. நீர்ப்பாய்ச்சி என்பர், நீர்க்கட்டி என்பர், மடைக்குடும்பர் என்பர், நீராணிக்கம் பார்ப்பவர் என்பர். பாண்டிய நாட்டுப் பகுதியில் இப்பணி பெரும்பாலும், அரசுப் பதிவேடுகள் பள்ளர் என்றும் பறையர் என்றும் குறித்த மக்களிடமே இருந்தது. மகன் தந்தையிடம் கற்றான்.

இம்மக்களிடம் ஊர் ஏன் மடையை ஒப்படைத்தது? நீர் என்பது இங்கே உயிர். அதன் திறவுகோலைப் பிறர் கையில் கொடுப்பது எளிய செயலன்று. தண்ணீர்ச் சண்டையில் தலைகள் உருண்ட ஊர்கள் உண்டு. இதற்கு ஊரார் கூறிய காரணமும், இத்துறையை ஆராய்ந்தோர் பதிவு செய்த காரணமும் ஒன்றே: ஆயக்கட்டில் நிலம் உள்ளவன் மடையில் நின்றால் தன் வயலுக்கே முதலில் நீர் விடுவான், நிலமில்லாதவனுக்கு அந்த ஆசை இல்லை. அவனுக்கு எல்லா வயலும் ஒன்றே. ஆகவே அவன் கையில் நீர் நேர்மையாகப் பிரியும்.

இதனை நாம் பெருமை என்று எடுத்துக்கொள்வதா, கொடுமை என்று எடுத்துக்கொள்வதா? இரண்டும் உண்மை. ஊரின் நம்பிக்கைக்குரிய நடுவராக நம்மவர் இருந்தார் என்பது உண்மை. அவருக்கு நிலம் கிடைக்காதபடி ஊர் பார்த்துக்கொண்டது என்பதே அந்நடுநிலைக்கு அடிப்படை என்பதும் உண்மை. நிலம் கொடுத்திருந்தால் நடுநிலை போயிருக்கும் என்பது ஊரின் வாதம். நிலம் வைத்திருந்தவர் தம் நடுநிலையைக் காத்துக்கொள்ள ஏன் இயலவில்லை என்று அவ்வாதத்தைத் திருப்பிக் கேட்டவர் இல்லை.

இப்பணிக்குரிய ஊதியம் பணமாக வரவில்லை. அறுவடைக் களத்தில் கதிர்க்கட்டாகவோ, மரக்கால் அளவில் நெல்லாகவோ நிலத்துக்கு இவ்வளவு என்று கிடைத்தது. சில ஊர்களில் சிறு மானிய நிலம் இருந்தது. களத்தில் கிடைத்த இப்பங்கிற்குச் ‘சுதந்திரம்’ என்று பெயர். 1947ஆம் ஆண்டுக்கு முன்னரே நம் மக்கள் அறிந்திருந்த சுதந்திரம் அது ஒன்றுதான். கண்மாய் பொய்த்தால் விளைச்சல் இல்லை. விளைச்சல் இல்லையேல் சுதந்திரமும் இல்லை. எனினும் அவ்வாண்டும் மடையைக் காத்தாக வேண்டும்; ஏனெனில் நீர் குறைந்த ஆண்டில்தான் காவல் கூடுதலாகத் தேவைப்பட்டது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஊரின் நீர் முழுவதையும் தம் கையால் பகிர்ந்தளித்தவர், மாலையில் வீடு திரும்பும்போது ஊர்க்கிணற்றில் ஒரு குடம் நீர் இறைக்க உரிமையற்றவராக இருந்தார். வயலுக்குப் பாயும் நீரில் அவர் கை படலாம். குடத்து நீரில் படலாகாது. 1924ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலைகளும் பொதுக் கிணறுகளும் எல்லோருக்கும் உரியவை என்பதை அரசு ஏற்கச் செய்தது. 1927 மார்ச் 20 அன்று மகாட் நகரில் சவதார் குளத்து நீரை அண்ணல் அம்பேத்கர் தம் கையால் அள்ளிப் பருகினார். அவரே 1942 முதல் 1946 வரை வைசிராய் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, நீர்ப்பாசனமும் மின்னாற்றலும் அவர் பொறுப்பில் அமைந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம் அக்காலத்தில் உருப்பெற்றது. குடத்து நீர் மறுக்கப்பட்டவரே ஒரு நாட்டின் ஆற்று நீரைத் திட்டமிட்டார் என்பதை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

சட்டமும் திருகாணியும்

ஆங்கிலேயர் ஆட்சியில் கண்மாய் பராமரிப்புத் தளர்ந்தது. ஊரார் கூடிச் செய்த குடிமராமத்து வழக்கம் நலிந்ததும், நிலவரியில் குறியாக இருந்த அரசு மராமத்துக்குப் பணம் ஒதுக்கத் தயங்கியதும் அதற்குக் காரணங்கள். 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று வந்தது. கரை உடையும் அபாயம் நேர்ந்தால், அக்கம்பக்கத்து ஊர்களில் உடல் வலிமையுள்ள ஆடவரை வேலைக்கு அழைக்க அதிகாரிகளுக்கு அச்சட்டம் அதிகாரம் தந்தது. எல்லா ஆடவரையும் அன்று. ‘உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த’ ஆடவரை. கரை உடைந்தால் நிலமுடையவரின் பயிர் மூழ்கும். அதைத் தடுக்கச் சட்டப்படி ஓடிவர வேண்டியவர் நிலமற்றவர். சாதியின் பெயரைச் சொல்லாமலே எந்தத் தெருவுக்கு ஆளனுப்ப வேண்டும் என்பதை அச்சொல் ஊர்த்தலைவருக்கு உணர்த்தியது.

1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்திற்குப் பின், 1883ஆம் ஆண்டில் குளங்களைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கிற்று. குளம் குளமாக அளந்து, ஆயக்கட்டைக் கணக்கிட்டு, மடையும் கலுங்கும் எந்த அளவில் இருக்க வேண்டும் என்று வரையறுத்தனர். அது பயனுள்ள பணியே. இன்றும் பழைய கண்மாய்களின் அளவுகளுக்கு அக்குறிப்புகளே துணை. சாத்தூர், திருவில்லிபுத்தூர்ப் பகுதிகள் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து 1910ஆம் ஆண்டில் புதிய இராமநாதபுரம் மாவட்டத்தில் சேர்ந்தன. ஜமீன் ஊர்களின் கண்மாய்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே அரசின் கைக்கு வந்தன. 1963ஆம் ஆண்டில் சிறு இனாம்கள் ஒழிக்கப்பட்டன.

இதற்கிடையே மடையின் உருவமும் மாறியது. கல்தூணும் கம்பும் போய், செங்கல்லாலும் பின்னர்ச் சிமெண்டாலும் கட்டிய மடைகளும், திருகாணித் தண்டில் ஏறி இறங்கும் இரும்புப் பலகைகளும் வந்தன. இவற்றை ‘ஷட்டர்’ என்றே ஊரில் வழங்குகிறோம். 60 சென்டிமீட்டர் அகலமும் உயரமும் உள்ள பலகையின் நடுவுக்கு மேல் மூன்று மீட்டர் நீர் நின்றால், அதன்மீது விழும் அழுத்தம் ஒரு டன்னுக்கு மேல். பலகை தன் பள்ளத்தில் உராய்ந்து மேலேற வேண்டும். கையால் தூக்குவது இயலாது. திருகாணி ஒரு சுற்றுக்குச் சிறிதளவே ஏறும். ஆனால் ஒருவர் கைவலிமையைப் பன்மடங்காக்கும். மூழ்கித் திறக்கும் இடர் நீங்கிற்று. இதற்காக இரும்பையும் பொறியாளரையும் நாம் மனமுவந்து பாராட்டுகிறோம். மூச்சடக்கி இறங்கிய காலம் திரும்ப வேண்டும் என்று நம்மில் எவரும் விரும்பமாட்டோம்.

ஆனால் திருகாணிக்கு ஒரு சாவி உண்டு. சாவிக்கு ஒரு பூட்டு உண்டு. கம்பு மடை யாருக்குப் பழக்கமோ அவர் கையில் இருந்தது. திருகாணி மடை யாரிடம் சாவியோ அவர் கையில் இருக்கிறது. எண்ணெய் இடாத திருகாணி இரண்டு மழைக்காலத்தில் இறுகிவிடும். நாம் நேரில் கண்ட ஒரு கண்மாயில் தண்டு வளைந்து பலகை பாதியில் நின்றிருந்தது. வைக்கோலும் சாக்கும் மண்மூட்டையும் திணித்து நீரை நிறுத்தியிருந்தனர். திணித்தவர் அவ்வூர் நீர்ப்பாய்ச்சியின் பேரர். பக்கத்தில் உடைந்து கிடந்த பழைய மடைத்தூணில் அவர் சட்டையைக் கழற்றி மாட்டியிருந்தார்.

கண்மாயிலிருந்து ஆலைக்கு

1923ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். 1940க்குப் பின் பட்டாசுத் தொழில் வளர்ந்தது. மழை குறைவு என்னும் அதே குறை, மருந்தும் தாளும் உலர வேண்டிய இத்தொழிலுக்கு வாய்ப்பாயிற்று. மறுபுறம் கண்மாய்கள் மேடிட்டன. சீமைக்கருவேல் உள்வாயை நிரப்பிற்று. மின்னிறைப்பான் வந்தபின் வசதியுள்ளோர் கிணற்றுக்கு மாறினர். கிணறு உள்ளவருக்கு மடை முறை தேவையில்லை. மடை முறை தேவையில்லாதவர் களத்தில் சுதந்திரம் அளப்பதில்லை. ஆகவே நீர்ப்பாய்ச்சியின் வீட்டிலிருந்து மகனும் மருமகளும் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் சென்றனர். கூலி வாரந்தோறும் பணமாகக் கிடைத்தது. அங்கே உயிருக்கு என்ன உறுதி என்பதை, 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட வெடிவிபத்தை அறிந்த நம் வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. நீரிலும் நெருப்பிலும் முன்னிற்க நேர்ந்தவர் ஒரே தெருவினராக இருந்தது தற்செயல் அன்று.

பெரிய மடைகளும் வந்தன. வத்திராயிருப்புப் பக்கம் பிளவக்கல் அணைகள் 1970களில் எழுந்தன. வைப்பாற்றின் குறுக்கே வெம்பக்கோட்டையிலும், அருச்சுனா நதியின் குறுக்கே ஆனைக்குட்டத்திலும் நீர்த்தேக்கங்கள் அமைந்தன. வெம்பக்கோட்டை நீர் சிவகாசிக்கும், ஆனைக்குட்டத்து நீர் விருதுநகருக்கும் குடிநீராகிறது. ஆனைக்குட்டத்து ஷட்டர்களின் வழியே நீர் கசிந்து போவதை நாளேடுகள் பன்முறை எழுதியுள்ளன. ஒரு சாண் துளைக்கு உரிய விதியே அப்பெருங்கதவுகளுக்கும் உரியது: பலகைக்கும் பள்ளத்திற்கும் இடையே விரல் நுழையும் சந்து இருந்தாலும், நீர் ஆழமாக நிற்கும்வரை அது இரவும் பகலும் வேகமாகவே ஓடும்.

2000ஆம் ஆண்டில் தமிழக அரசு, பாசன அமைப்புகளை உழவரே மேலாண்மை செய்வதற்கான சட்டம் ஒன்றை இயற்றியது. ஊர்தோறும் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அதன்படி ஏற்பட்டன. நல்ல நோக்கமே. ஆனால் சங்கத்தின் உறுப்பினர் யார் என்றால், அப்பாசனப் பரப்பில் நிலம் உடையோர். எந்த நிலமின்மை நடுநிலைக்குத் தகுதி என்று ஊர் நூற்றாண்டுகளாகச் சொல்லி வந்ததோ, அதே நிலமின்மை இப்போது வாக்குரிமைக்குத் தகுதியின்மை ஆயிற்று. 2017ஆம் ஆண்டில் குடிமராமத்து என்னும் பழைய பெயரில் புதிய திட்டம் வந்தபோது, பணி நடத்தும் பொறுப்பு பெரிதும் இத்தகைய சங்கங்களிடமே சென்றது. மண் அள்ளப்பட்டது, சில மடைகள் புதுப்பிக்கப்பட்டன. நீர்ப்பாய்ச்சியின் கூலி எங்கிருந்து வரும் என்னும் கேள்வி ஊரார் பொறுப்பிலேயே விடப்பட்டது.

சில ஊர்களில் இன்றும் ஏக்கருக்கு இவ்வளவு என்று பணம் திரட்டி நீர்ப்பாய்ச்சியை அமர்த்துகின்றனர். அவர்களுள் பலர் அறுபது வயதைக் கடந்தவர்கள். வாய்க்கால் எத்தனை வளைவு, எந்த வளைவில் கரை இளகும், கண்மாயில் எந்தக் கல் மறைந்தால் எத்தனை நாள் நீர் என்பதெல்லாம் அவர்கள் நினைவில் இருக்கின்றன, ஏட்டில் இல்லை. நம் சங்கத்தின் மாணவர்கள் இவ்விடுமுறையில் தம் ஊர் மடைக்கு ஓர் அளவுகோலுடன் சென்று, மடையின் அகலம், பலகையின் உயரம், நீர் நின்ற மட்டம் ஆகியவற்றைக் குறித்து, அப்பெரியவர் சொல்வதை அவர் பெயரோடு எழுதிக் கொண்டுவருவார்களானால், அக்குறிப்பேடுகளை நம் நூலகத்தில் வைக்க இடம் ஒதுக்கியுள்ளோம். ஐப்பசிக்கு முன் செல்வது நல்லது. நீர் வந்துவிட்டால் அவருக்குப் பேச நேரம் இராது.